கட்டடத்துக்கு ஆள் உண்டு, சம்பளத்துக்கு யார்?

ஊர்ப்புறங்களில் நடக்கும் நலவாழ்வு, கல்விப் பணிகளுக்கு அறக்கட்டளைகள் தரும் நிதியைப் பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஏழினை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். நிதி வழங்கும் ஓர் அறக்கட்டளையில் பல ஆண்டுகள் விண்ணப்பங்களைப் படித்துப் பரிந்துரைக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், மேசையின் அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: நண்பர்கள் ஐவர் சேர்ந்து ஈராண்டுகளுக்கு முன் ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அறுபது பேருக்கு மாலை வகுப்பு நடத்தி வருகிறோம். ஒரு நிறுவனத்திடம் சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) நிதி கேட்டபோது, "மூன்றாண்டு முடியட்டும், சி.எஸ்.ஆர். எண்ணோடு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது சட்டமா, சாக்கா? — வாசகர், மணப்பாறை

பதில்: சட்டம்தான். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-ஆம் பிரிவின்படி, முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், தன் கடந்த மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பணத்தை நிறுவனமே செலவிடலாம், வெளி அமைப்பின் வழியாகவும் செலவிடலாம். வெளி அமைப்பு என்றால், அது வருமான வரிச் சட்டத்தின்கீழ் 12ஏ பதிவும் (அமைப்புக்கு வரிவிலக்குத் தருவது) 80ஜி ஒப்புதலும் (நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தருவது) பெற்றதாகவும், அதே வகைப் பணியில் குறைந்தது மூன்றாண்டு அனுபவம் உள்ளதாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. 2021 ஏப்ரல் முதல் கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் தந்து எண் பெறுவதும் கட்டாயமாகிவிட்டது. ஆகவே அந்த அதிகாரி உங்களை ஏய்க்கவில்லை.

மீதமிருக்கும் ஓராண்டை என்ன செய்வது என்பதுதான் முக்கியம். விதி கேட்பது பத்திரம் பதிவான தேதியை மட்டுமன்று, செய்த வேலையையும்தான். அதற்குச் சான்று உங்கள் வருகைப் பதிவேடு. பிள்ளையின் பெயர், வகுப்பு, தெரு, வந்த நாள், வராத நாள் ஆகியவை அன்றன்றைக்கு எழுதப்பட்ட ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தை எவரேனும் மேசைமீது வைத்தால், நான் வண்ணப்படங்கள் அடங்கிய அறிக்கையை ஒதுக்கிவிட்டு அதைத்தான் முதலில் புரட்டுவேன். ஒரே பேனாவில், ஒரே உட்காரலில் எழுதி முடித்த பதிவேடு இரண்டாம் பக்கத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். கணக்கை ஆண்டுதோறும் ஆடிட்டரிடம் தணிக்கை செய்து வையுங்கள். இடைப்பட்ட காலத்தில் உங்கள் வட்டாரத்தில் ஆலை நடத்தும் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் படியுங்கள். சி.எஸ்.ஆர். பணத்தை எந்தத் திட்டத்துக்கு, எவர் வழியாக, எவ்வளவு செலவிட்டோம் என்று அவற்றின் பின்னிணைப்பில் எழுதியே ஆக வேண்டும். நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. சென்னைத் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதுவதைவிட, பக்கத்து ஆலையின் மனிதவளப் பிரிவு மேலாளரை ஒரு மாலை வகுப்புக்கு அழைத்து வருவது பலன் தரும்.

கேள்வி: ஸ்மார்ட் வகுப்பறை தருகிறோம், கட்டடம் கட்டித் தருகிறோம் என்று வருகிறவர்கள், எங்கள் மையத்தின் இரண்டு ஆசிரியைகளுக்குச் சம்பளம் கேட்டால் மட்டும் கைவிரிக்கிறார்கள். நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று சட்டம் தடுக்கிறதாம். உண்மையா? — வாசகி, திண்டிவனம்

பதில்: 5 விழுக்காடு என்ற வரம்பு உண்மை. அதை உங்கள் ஆசிரியைகள்மீது ஏற்றிச் சொல்வது தவறு. ஒரு நிறுவனம் தன்னுடைய சி.எஸ்.ஆர். பிரிவை நடத்துவதற்காகச் செய்யும் பொது நிர்வாகச் செலவு, அந்த ஆண்டின் மொத்த சி.எஸ்.ஆர். செலவில் 5 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பதே விதி. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்கவும் நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று விதியே விளக்கம் தருகிறது. மாலை வகுப்புத் திட்டத்தில் வகுப்பெடுக்கிறவரின் சம்பளம்தான் திட்டம். அதை நிர்வாகச் செலவு என்றால், சமையலில் அரிசியை எரிபொருள் கணக்கில் எழுதியது போலாகும்.

பிறகு ஏன் மறுக்கிறார்கள்? கட்டடத்தைப் படம் எடுக்கலாம், திறப்பு விழா நடத்தலாம், நிதியாண்டு முடியும் மார்ச்சுக்குள் பணத்தைச் செலவிட்டுக் கோப்பை மூடலாம். சம்பளம் அடுத்த மாதமும் வந்து நிற்கும். இதைக் குறையாக மட்டும் சொல்ல எனக்குத் தகுதியில்லை, ஏனென்றால் நானும் அதே தவறைச் செய்தவன். வட மாவட்டத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் மாணவிகளுக்கு எட்டு அறைகள் கொண்ட கழிப்பறை கட்டும் விண்ணப்பத்தைப் பரிந்துரைத்துக் கையெழுத்திட்டேன். இரண்டாண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோது, வாசலில் பளபளவென்று கருங்கல் பலகை இருந்தது, கதவில் பூட்டுத் தொங்கியது. சாவியைத் தேடி எடுத்துத் திறந்தால், உள்ளே உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் எரிந்துபோயிருந்தது. சுருள் மாற்றச் சில ஆயிரம் ரூபாய் போதும். அதை எந்தத் தலைப்பில் எடுப்பது என்று தலைமையாசிரியருக்கும் தெரியவில்லை, எங்கள் ஒப்பந்தத்திலும் இல்லை. சுத்தம் செய்ய வந்த அம்மாவுக்கு ஆறு மாதச் சம்பளத்துக்கு மேல் நாங்கள் ஒதுக்கவே இல்லை.

இந்தச் சிக்கலை நூறாண்டுகளுக்கு முன்பே யோசித்தவர் அமெரிக்க எஃகு வணிகர் ஆண்ட்ரூ கார்னகி. 1883-க்கும் 1929-க்கும் இடையில் அவருடைய பணத்தில் எழுந்த நூலகங்கள் 2,509. கட்டடத்துக்குப் பணம் கேட்ட ஊர், மனையைத் தானே தர வேண்டும். கட்டடத்துக்குத் தரப்படும் தொகையில் 10 விழுக்காட்டை ஆண்டுதோறும் வரிப்பணத்திலிருந்து நூல்களுக்கும் ஊழியருக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்குவதாக உறுதியும் தர வேண்டும் என்பது அவர் வகுத்த பொது நிபந்தனை. சம்பளத்தைத் தானும் தரவில்லையே என்று அவரைக் குறை சொல்லலாம்தான். ஆனால் அந்தச் சம்பளத்தை யார் தருவார் என்ற கேள்விக்கு விடை எழுதாத கோப்பை அவர் அலுவலகம் எளிதில் ஏற்றதில்லை.

நீங்கள் செய்யக்கூடியது இது: ஸ்மார்ட் வகுப்பறையை உடனே மறுக்காமல், அதற்கு ஆகும் மூன்றாண்டு மின்கட்டணம், பழுதுபார்ப்பு, அதை இயக்கும் ஆசிரியையின் சம்பளம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே திட்டமாக எழுதிக் கொடுங்கள். சி.எஸ்.ஆர். விதிகளில் தொடர் திட்டம் என்ற ஒன்று உண்டு. தொடங்கிய ஆண்டைத் தவிர்த்து மேலும் மூன்றாண்டு வரை ஒரு திட்டத்தை நீட்டிக்க அது இடம் தருகிறது. மார்ச் மாதத்தைக் காட்டி அவசரப்படுத்துகிறவரிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டங்களில் வெளிநாட்டு நிதியில் வந்த எத்தனையோ வேலைத்திட்டங்களைப் பார்த்துவிட்டோம். காசு நின்றால் கிளினிக்கும் நின்றுவிடுகிறது. வெளியார் காசில் தொடங்கி, அவர்கள் போன பிறகும் நிலைத்த ஒன்றையாவது காட்ட முடியுமா? — வாசகர், ஹட்டன், இலங்கை

பதில்: உங்கள் நாட்டிலேயே இருக்கிறது. அதன் கதை உங்கள் தோட்டங்களில்தான் தொடங்குகிறது.

1913-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் பன்னாட்டுச் சுகாதாரப் பிரிவு, 1916-இல் இலங்கையின் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள். மலம் கலந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது பாதத்தின் தோல் வழியே உடலுக்குள் புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சி, ஆளை வெளிறச் செய்து ஓயவைக்கும் புழு அது. லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கழிப்பிடம் இல்லாத நிலையில் அது பரவாமல் இருந்தால்தான் வியப்பு. அக்காலத்தில் வழங்கிய கீனோபோடியம் எண்ணெய் மருந்தைக் கொடுத்தார்கள், புழுவும் விழுந்தது. மறுபடி அதே மண், அதே வெறுங்கால். கழிப்பிடம் கட்டத் தோட்ட நிர்வாகங்களுக்குக் கையிலிருந்து காசு எடுக்க மனமில்லாத இடங்களில், குணமானவர்களுக்கே திரும்பவும் தொற்றியது. தொழிலாளியின் நலத்தைவிடத் தொழிலாளியிடமிருந்து கிடைக்கும் வேலையின்மீதே துரைமாருக்கு அக்கறை இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் இதைச் சொல்ல வேண்டும்.

ஒரு நோயை மட்டும் துரத்தி ஓடுவதில் பயன் குறைவு என்ற படிப்பினையிலிருந்து பிறந்ததே களுத்துறையில் 1926-இல் தொடங்கப்பட்ட சுகாதாரப் பிரிவு. வரையறுத்த ஒரு பகுதி, அதற்கு ஒரு மருத்துவ அதிகாரி, அவருக்குக் கீழே சுகாதாரப் பரிசோதகர்கள், தாதியர், மருத்துவிச்சிமார். பிரசவம், குழந்தை நலம், பள்ளிப் பிள்ளைகளின் பரிசோதனை, கழிப்பிடம், பிறப்பு இறப்புப் பதிவு ஆகிய அனைத்தும் அவர்கள் பொறுப்பு. அந்த அறக்கட்டளையின் வழக்கமே தன் பங்கை ஆண்டுக்கு ஆண்டு குறைத்துக்கொண்டு, அரசின் பங்கைக் கூட்டிக்கொண்டு போவது. ஊழியர்களை அரசின் பணிக்குள் வைத்ததால், அறக்கட்டளை விலகியபோது எவருக்கும் வேலை போகவில்லை. களுத்துறையின் வடிவத்தைப் பின்பற்றி மற்றப் பகுதிகளிலும் பிரிவுகள் எழுந்தன. இன்று தீவு முழுவதும் எம்.ஓ.எச். (சுகாதார மருத்துவ அதிகாரி) பிரிவு என்று நீங்கள் அழைக்கும் அமைப்பு அதன் வழிவந்தது. களுத்துறையில் இப்போது தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவனம் இயங்குகிறது.

தோட்டங்கள் இந்த அரச ஏற்பாட்டுக்கு வெளியே, நிர்வாகங்களின் கையில் நெடுங்காலம் விடப்பட்டன என்பது வேதனையான உண்மை. வேலை தொடங்கிய இடத்துக்கு அதன் விளைச்சல் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. ஆகவே உங்கள் தோட்டத்துக்கு அடுத்த முறை ஒரு வேலைத்திட்டம் வரும்போது, எத்தனை இலட்சம் என்று கேட்பதற்கு முன், இதில் வேலை செய்யப்போகும் மருத்துவிச்சி யாருடைய சம்பளப் பட்டியலில் இருப்பார் என்று கேளுங்கள்.

கேள்வி: ஊரிலுள்ள ஓர் அறக்கட்டளைக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தேன். வருமான வரியில் கழிவு கிடைக்குமா? — வாசகர், தேனி

பதில்: நீங்கள் பழைய வரித் திட்டத்தில் இருந்தால் மட்டும் கிடைக்கும்; புதிய திட்டத்தைத் தேர்ந்தவருக்கு இந்தக் கழிவு இல்லை. அறக்கட்டளைக்கு 80ஜி ஒப்புதல் இருக்க வேண்டும். பொதுவாகக் கொடுத்த தொகையில் பாதிதான் கழிவாகும், அதற்கும் உங்கள் வருமானத்தை ஒட்டிய உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் எதுவும் கிடைக்காது. வெறும் ரசீது போதாது, அறக்கட்டளை 10பிஇ என்ற சான்றிதழைத் தர வேண்டும். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்டிருப்பதால், 80ஜி என்ற பழகிய எண் இனி மாறிவிடும். ஆடிட்டரிடம் பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்டித் தர முன்வந்த அறக்கட்டளை, செலவில் கால்பங்கை ஊர்மக்கள் தர வேண்டும் என்கிறது. நூறுநாள் வேலைக்குப் போகிற சனங்களிடம் வசூல் செய்வது நியாயமா? — வாசகர், கமுதி

பதில்: இதில் எனக்கே இரண்டு மனம் உண்டு. ஜூலியஸ் ரோசன்வால்டு என்ற சிகாகோ வணிகர், கருப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனோடு சேர்ந்து, 1912-இல் அலபாமாவில் ஆறு சிறிய பள்ளிகளில் தொடங்கிய வேலை, 1932-க்குள் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கருப்பினப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 5,000 பள்ளிகளாக வளர்ந்தது. முழுப்பணத்தையும் அவர் எங்குமே தரவில்லை. கருப்பின மக்கள் ஒரு பங்கையும், வெள்ளையர் கையிலிருந்த அரசுக் கல்வித்துறை ஒரு பங்கையும் போட்டாக வேண்டும். குத்தகைக்குப் பருத்தி பயிரிட்ட குடும்பங்கள் காசாகவும் நிலமாகவும் மரமாகவும் உடலுழைப்பாகவும் தங்கள் பங்கைக் கொடுத்தன. அந்தப் பள்ளிகளை ஊர் தன் சொத்தாகக் காத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆயினும், ஏற்கெனவே வரி கட்டிய மக்கள், வெள்ளைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைத்த ஒன்றுக்கு இரண்டாம் முறை விலை கொடுத்தார்கள் என்பதை மறந்துவிட முடியாது.

நம் பக்கத்திலும் காமராசர் ஆட்சியில் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர்மக்கள் மேசை நாற்காலி முதல் நிலம் வரை கொண்டுவந்து கொடுத்தார்கள். அங்கே எவருக்கும் தலைக்கு இவ்வளவு என்று விதிக்கவில்லை, இருப்பவர் இருப்பதைக் கொடுத்தார். ஆகவே வீட்டுவரி போல வசூலிக்காதீர்கள். கொத்தனார் இருக்கிற ஊரில் கொத்துவேலை ஒரு பங்கு. டிராக்டர் வைத்திருப்பவர் மணல் ஏற்றி வருவது ஒரு பங்கு. சென்னையிலும் திருப்பூரிலும் இருக்கும் முன்னாள் மாணவர்களின் பணம் ஒரு பங்கு. உழைப்பையும் பொருளையும் ரூபாய் மதிப்பிட்டுக் கால்பங்கில் சேர்த்துக்கொள்ளுமாறு அறக்கட்டளையைக் கேளுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அவர்களுடைய நிபந்தனையில்தான் கோளாறு.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பியும், அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் மைத்துனரும் எங்கள் அறக்கட்டளைக்கு மாதந்தோறும் பணம் அனுப்ப விரும்புகிறார்கள். வாங்கலாமா? — வாசகி, காரைக்குடி

பதில்: தம்பியிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருந்து, தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கடவுச்சீட்டின் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். மைத்துனர் இந்திய வம்சாவளியினர் ஆனாலும், ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அவரிடம் நூறு டாலர்கூட வாங்கக் கூடாது. அந்தப் பதிவு பெற்றாலும், 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறக்கும் கணக்கில்தான் பணம் வந்திறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வேறோர் அமைப்புக்கு அதைக் கைமாற்றவும் கூடாது. மைத்துனருக்குக் கோபம் வரும். வந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: எங்கள் ஒன்றியத்தில் பத்து ஊர்களில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்ப் பரிசோதனை முகாம்கள் நடத்த ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பம் எழுதுகிறோம். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள்? — வாசகர், ஜவ்வாதுமலை அடிவாரம்

பதில்: முகாமுக்கு மறுநாள் என்ன நடக்கும் என்று எழுதியிருக்கிறீர்களா என்பதைத்தான் நான் பார்ப்பேன். பந்தல், பேனர், தேநீர் ஆகியவற்றுக்குப் பாதிப் பணம் போகும் விண்ணப்பங்களை நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் இருநூறு பேருக்கு அழுத்தம் அளந்து, நாற்பது பேருக்குக் கூடுதல் என்று சொல்லி, அந்த நாற்பது பேரையும் ஒரு துண்டுச் சீட்டோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம் முறையை நேரில் போய்ப் பாருங்கள். ஊர்ச் சங்கங்களும் நிறுவனங்களும் முகாமின் செலவை ஏற்கும். அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறவரைப் பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துப்போய், உணவும் படுக்கையும் கொடுத்து, சிகிச்சை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். பிறகு மறுபரிசோதனையும் உண்டு. பணம் கட்டிச் சிகிச்சை பெறுகிறவர்களின் கட்டணத்தில் ஏழைகளின் சிகிச்சை நடக்கும்படி அமைத்திருப்பதால், நன்கொடையாளர் ஓராண்டு வராவிட்டாலும் அறுவை அரங்கு நிற்பதில்லை. 1992-இல் ஆரோலேப் என்ற பிரிவைத் தொடங்கி, கண்ணுக்குள் பொருத்தும் லென்சை வெளிநாட்டு விலையின் சிறு பங்கில் மதுரையிலேயே செய்யத் தொடங்கியதும் இதன் தொடர்ச்சிதான்.

உங்கள் பணிக்கு அவ்வளவு பெரிய அமைப்புத் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. மாத்திரை வாங்கப் பணம் கேட்காதீர்கள். அந்தப் பட்டியலில் இன்னும் சேராதவரைக் கண்டுபிடித்துச் சேர்ப்பதற்கும், இடையில் மாத்திரையை நிறுத்திவிட்டவரை மறுபடி பார்ப்பதற்கும் ஒரு பெண்ணை அமர்த்தி, அவருடைய ஈராண்டுச் சம்பளத்தையும் பேருந்துக் கட்டணத்தையும் கேளுங்கள். அழுத்தமானிக்கு எழுதும்போது, பருத்த கைக்கான பெரிய பட்டையையும் மாற்று மின்கலங்களையும் மறக்காமல் சேருங்கள். மின்கலம் தீர்ந்து அலமாரியில் உறங்கும் கருவிகளை ஊருக்கு ஒன்றாகப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் ஒன்றிரண்டு ஊர்களிலாவது கிராம சுகாதாரச் செவிலியரைச் சந்தித்து, அவருடைய பதிவேட்டில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அந்த எண்ணிக்கையை முதல் பக்கத்திலேயே போடுங்கள்.